சமையலறைப் படியில் ஒரு ஜோடிச் செருப்பு

கரும்புக் காட்டிலிருந்து வந்து கால் கழுவப் போன பிசுன்தயாள், சமையலறைப் படியில் அந்தச் செருப்பைப் பார்த்ததும் முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. யாரோ வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தத் தீவில், லம்பாசா பக்கத்தில், செருப்புக் காலோடு வீட்டுக்குள் நுழைகிறவன் கிடையாது. படியில் செருப்பு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஆற்றுக்கு அக்கரையில் யாரோ கரும்பைக் கொளுத்தியிருந்தார்கள். கருகின இனிப்பு வாடை காற்றில் கனத்து நின்றது, கரித்தூள் சன்னமாக உதிர்ந்து துணிக்கொடியிலும் தகரக் கூரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் படிந்துகொண்டிருந்தது, விளக்கு வைக்கிற நேரத்து மங்கலில் முற்றம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தது. செருப்பின் மேல் மட்டும் ஒரு துகள் கரி இல்லை.

"யாரு வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சுபாக்வதி திரும்பக்கூட இல்லை. "யாரு வருவா? ஜெயிலு மாதிரி கம்பி அடிச்சு வச்சிருக்கீங்க, இந்த வீட்டுக்கு எவன் வருவான்?"

அவர் மறுபடி படிக்கு வந்தார். செருப்பு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஈரத்தடம் மட்டும் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் காய்ந்தது.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. நீல வார். இடது கால் செருப்பில் வார் பிய்ந்துபோய், அடியில் ஓர் ஆணியைக் குறுக்கே செருகியிருந்தது. அந்தச் செருப்பை மூன்று மாதம் முன்னால் போலீஸ்காரர்கள் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போனதை அவர் தன் கண்ணால் பார்த்திருந்தார். போய் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார். ருசி தெரியவில்லை. அது அன்றைக்கு மட்டும் இல்லை, ரொம்ப நாளாகவே தெரியவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, கம்பி அடித்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம் சுற்றுவட்டாரத்தில் அடுத்தடுத்துக் கொள்ளை. வாத்தியார் வீட்டில் புகுந்து, தடுக்க வந்த அவருடைய அப்பாவின் கையை உடைத்துவிட்டுப் போனார்கள். பிசுன்தயாள் வெல்டிங்காரனை வரவழைத்து எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி அடித்தார், சமையலறைக் கதவுக்கு உள்பக்கம் மூன்று தாழ்ப்பாள் போட்டு மூன்றுக்கும் பூட்டு வாங்கினார். சாவி அவர் இடுப்பில். மிச்சமான ஒரு முழக் கம்பியைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. சுபாக்வதி ராமாயண மண்டலிக்குப் போயிருந்தாள், அவள் திரும்பி வருவதற்காகச் சமையலறைக் கதவைப் பூட்டாமல் விட்டிருந்தார். அவர் தீப்பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தபோது அந்தக் கதவு மெல்லத் திறந்தது. ஓர் உருவம் இடுப்பு வரை குனிந்து, தரையோடு தரையாக உள்ளே வந்தது. கையில் நீளமாக ஒரு கத்தி. கதவுக்குப் பின்னாலிருந்த கம்பி அவர் கைக்கு எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

ஒரே அடி. குனிந்திருந்த பிடரியில்.

செத்தவன் எலிகி. அக்கரைக் கிராமத்து அசேசெலாவின் மகன்.

போலீஸ் அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "கத்தியோட வீட்டுக்குள்ள பூந்திருக்கான். இருட்டு. நீங்களோ ஒத்தையில இருந்திருக்கீங்க. வீட்டுக்காரனுக்குத் தன்னைக் காப்பாத்திக்க உரிமை இருக்கு, அண்ணே."

"செருப்பக் கழட்டி வச்சிருக்கானே," என்றார் பிசுன்தயாள்.

"சத்தம் கேக்கக் கூடாதுல்ல? அதான்."

வழக்கு நிற்கவில்லை. மண்டலியில் ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். "சிங்கம்யா நீ! இனி எவனாவது நம்ம பக்கம் தலை வச்சுப் படுப்பானா?" அவர் தலையை ஆட்டினார். கம்பியைப் பிடித்த வலது உள்ளங்கை அன்றிலிருந்து மரத்துப் போயிருந்தது. கொதிக்கிற டீக் குவளையைப் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. அந்த மரமரப்பு மெல்ல மேலேறித் தோளுக்கு வந்து நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிட்டது என்று அவருக்குத் தோன்றும்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று அவருக்குத் தெரியும். தீவின் பூர்வகுடிகளான அக்கரைக்காரர்கள் அடுத்தவர் வீட்டுக்குள் நிமிர்ந்து வரமாட்டார்கள். உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே தன் தலை போகக்கூடாது என்று குனிந்துதான் வருவார்கள், "திலோ" என்று தணிந்த குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருவார்கள். அது மரியாதை. அசேசெலா வீட்டில் நாற்பது வருடமாக அவரும் அப்படித்தான் நுழைந்திருக்கிறார். யங்கோனா வேரைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி அவரே எலிகியின் தோளில் கை போட்டுச் சொன்னார்: "நீ எப்ப வேணாலும் வாடா. முன்வாசல் எல்லாம் அசலூர்க்காரனுக்கு. நீ சமையக்கட்டுப் பக்கமா வா." மாமா முறை வைத்து அவரை "மோமோ" என்று கூப்பிடுகிற பையன், அப்போதுதான் மாதா கோயில் பந்தலுக்குக் கால் வெட்ட அவருடைய கரும்புக் கத்தியைக் கேட்டு வாங்கிப் போனான்.

அவன் செத்த அன்று தரையில் கிடந்த கத்தியின் பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அவர் கையால் சுற்றியது. "இது யாரோட கத்தி?" என்று போலீஸ் கேட்டபோது வாய் தானாகத் திறந்தது.

"அவனோடது."

ஒரு வார்த்தை. அதில்தான் எல்லாம் நின்றது.

செருப்பு மறுநாள் சாயங்காலமும் வந்தது. அதற்கு மறுநாளும். பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்ப்பார், இருக்கும். வாரக் கடைசியில் சத்தமும் சேர்ந்துகொண்டது. ஈரப்பலாக்காய் மண்ணில் விழுகிற மாதிரி ஒரு மந்தமான சத்தம். டொப். கொஞ்சம் விட்டு இன்னொன்று. முற்றத்தில் ஈரப்பலா மரமே கிடையாது. உள்ளங்கைகளைக் குழித்து ஒன்றோடொன்று தட்டினால் அந்தச் சத்தம் வரும். அக்கரைக்காரர்கள் ஒரு வீட்டில் வந்து உட்கார்ந்ததும், வாய் திறக்குமுன் அப்படித்தான் தட்டுவார்கள். வீட்டுக்காரன் பதிலுக்குத் தட்டினால்தான் பேச ஆரம்பிப்பார்கள். அவர் தட்டவில்லை.

அந்தப் புதன்கிழமை அசேசெலா வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வா, அசேசெலா."

"உள்ளயா? வேணாம்ப்பா. உன் வீட்டுக்குள்ள குனிஞ்சு வர எனக்கு பயமா இருக்கு."

பிசுன்தயாள் கேட்டைத் திறக்கப் போன கையை எடுத்துக்கொண்டார்.

"நான் சண்டைக்கு வரல," என்றார் அசேசெலா. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மோமோ கத்தியத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடுறேன்னு சொல்லிட்டுத்தான் என் பையன் கெளம்பினான். அது உன் கத்தியா?"

கேட்டின் கம்பியில் கரி படிந்திருந்தது. பிசுன்தயாள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை நூறாம் நாள். துக்கத்த முடிக்கிறோம். நீ வந்து, எங்க சனத்துக்கு முன்னாடி ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் மேல ஒருத்தன் கை வைக்க மாட்டான், அது என் பொறுப்பு. அவன் தங்கச்சியப் பள்ளிக்கூடத்துல திருடன் தங்கச்சின்னு கூப்புடுறாங்க, பிசுன். அது நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அன்று ராத்திரி சிட்னியிலிருந்து மகன் ரோனில் போனில் கத்தினான். "போகவே கூடாதுப்பா! நீங்க எதாவது ஒளறி வச்சா கேஸை மறுபடி தோண்டி எடுப்பாங்க. சட்டம் உங்க பக்கம் இருக்கு. பேசாம வீட்டுல இருங்க."

"கத்தி என்னோடதா இருந்தா?"

"இத இனிமே யார்கிட்டயும் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் சுபாக்வதி ஒரு புதுப் பாயையும் யங்கோனா வேர்க்கட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்க வரல?"

"தலை வலிக்குது."

"உங்களுக்கு வலிக்குதா? மூணு மாசமா உங்களுக்கு ஒண்ணுமே வலிக்கலயேன்னுதான் எனக்குத் தூக்கமே வரல." அவள் அழுதுகொண்டே போனாள். அவர் மூன்று தாழ்ப்பாளையும் போட்டுப் பூட்டினார்.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பாட்டுக் கேட்டது, ஆணும் பெண்ணுமாகப் பல குரல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, காற்று திரும்பும்போதெல்லாம் நெருங்கியும் விலகியும் வந்தது. அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் மேல் வைத்த வலது கையையே பார்த்துக்கொண்டு, வெளிச்சம் சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து கதவடிக்குப் போய் அங்கேயே அணைவது வரை அசையவில்லை. விளக்கைப் போட எழுந்திருக்கத் தோன்றவில்லை. பாட்டு நின்றது. அங்கே துக்கம் முடிந்துவிட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். படியில் செருப்பு இருந்தது.

நாற்காலிக்குத் திரும்பினார். ஆற்றுச் சேற்று வாடை வந்தது. தேங்காய் எண்ணெய். விறகுப் புகை. கூடவே இரும்பு வாடை, ரொம்ப லேசாக. வெளியிலிருந்து வரவில்லை.

டொப்.

உள்ளே.

கதவுக்கும் அவருக்கும் நடுவில், தரையில். யாரோ சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். தலை நெஞ்சு வரை தொங்கியிருந்தது. முகம் தெரியவில்லை. பிடரி தெரிந்தது. பிடரி இருக்கவேண்டிய வடிவத்தில் இல்லை.

டொப்.

அவன் கத்தியைத் தரையில் வைத்து மெல்லத் தள்ளினான். பிடி அவர் பக்கம். சிவப்பு டேப். அது அவர் கால் கட்டை விரலில் வந்து இடித்தது. எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கை தட்டவேண்டும். அவ்வளவுதான், அவன் எழுந்து போய்விடுவான். அவருக்குத் தெரியும். கை வரவில்லை.

"ஏங்க!" ஜன்னலுக்கு வெளியே சுபாக்வதியின் குரல். டார்ச் வெளிச்சம் கம்பிகளின் மேல் ஆடியது. "இருட்டுல என்ன பண்றீங்க? கதவத் தெறங்க. அசேசெலா அத்தன பேர் முன்னாடி என்கிட்ட கேட்டாரு. எனக்குத் தெரியாது, அவரத்தான் கேக்கணும்னு சொன்னேன். கூடவே வந்திருக்காரு, கேட்டுல நிக்கிறாரு. சொல்லுங்க. அது நம்ம கத்தியா?"

கத்தி அவர் காலடியில் இருந்தது. உட்கார்ந்திருந்தவன் காத்திருந்தான். அவன் தலை கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கேட்கிறவன் சாய்க்கிற மாதிரி.

"சொல்லுங்களேன். எலிகி தங்கச்சி அங்க அழுவுறா."

ரோனில் சொன்னது ஞாபகம் வந்தது. உரிமை என்கிற வார்த்தை ஞாபகம் வந்தது.

"இல்ல," என்றார். "நம்ம கத்தி இல்ல."

கேட்டிலிருந்து நடந்து போகிற காலடி கேட்டது, ஆற்றுப் பக்கமாக.

"சரி, தெறங்க," என்றாள் சுபாக்வதி. அவள் குரல் செத்திருந்தது. டார்ச்சைக் கீழே இறக்கினாள். "யாரு செருப்பு இது?" டார்ச் மறுபடி உள்ளே வந்தது. நின்றது. "ஏங்க. உங்க முன்னாடி யாரு உக்காந்திருக்கா?"

அவர் எழுந்தார். சாவியை எடுத்தார். கதவு அவனுக்கு அந்தப் பக்கம். உட்கார்ந்திருக்கிறவனைத் தாண்டித்தான் போகவேண்டும். நாற்பது வருடப் பழக்கம். உடம்பு தானாகக் குனிந்தது. இடுப்பு வரை. தலை தாழ்ந்தது.

"திலோ," என்றது அவர் வாய்.

தாண்டினார். கதவை எட்டினார். குனிந்தபடியே கீழ்த் தாழ்ப்பாளின் பூட்டுக்குள் சாவியை விட்டார். திறந்தது. அப்போதுதான் உள்ளங்கை வலித்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு, முதல் தடவையாக, சுரீரென்று.

சுபாக்வதி கம்பியைப் பிடித்து உலுக்கினாள். அவள் கத்துவது கேட்டது, என்ன கத்துகிறாள் என்று கேட்கவில்லை. கதவின் பலகையில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. அதில் அவர் நிழல், குனிந்து. அதற்குப் பின்னால் இன்னொரு நிழல். அது எழுந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் முதல் தடவையாக, முழு உயரத்துக்கு, நிமிர்ந்து. ஒரு கை மேலே போயிற்று.

இன்னும் இரண்டு தாழ்ப்பாள் இருந்தது.