பதினேழாவது ஃபிரேம்

படத்தில் அண்ணனின் கீழுதடு கிழிந்திருந்தது.

நேற்று அவள் அதை எடுத்தபோது உதடு முழுசாக இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. அந்த முகத்தைக் கட்டம் கட்டமாக உடைத்து, பதினாறே நிறங்களுக்குள் அடக்கி, பழைய விளையாட்டின் படம் மாதிரியே ஆக்க அவளுக்கு ஏழு மணி நேரம் பிடித்திருந்தது. அதில் ஒவ்வொரு புள்ளியும் அவளுக்கு அத்துப்படி. பதினாறில் சிவப்பு இரண்டு. இரண்டையும் அவள் அந்த முகத்தில் எங்கேயும் வைக்கவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூன்று மாதமாக ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் திரையையே வெறித்துக்கொண்டிருந்தால் கண்ணும்தான் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மதியம் மூன்று மணி. வெளியே வெயில் கொளுத்தினாலும், ஜன்னலுக்கு அடித்திருந்த கறுப்புத் துணியால் அறைக்குள் எப்போதும் ஒரே இருட்டுதான். சூடேறிய கம்பிகளின் வாசனை, மின்விசிறியின் முனகல், சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் விசைப்பலகையைத் தட்டும் சத்தம். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து குடியிருக்கும் இரண்டு அறை வீடு. அதுவே அலுவலகமும்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஓர் ஆவணப்படம். சும்மா உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை, பார்ப்பவர் கைவைத்துப் பார்க்கிற படம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் நான்கு பேர் ஒரு கார் ஷெட்டில் உட்கார்ந்து செய்த சண்டை விளையாட்டு ஒன்று எப்படிப் பிறந்தது என்பதுதான் கதை. பேட்டியைக் கேட்கலாம், முதல் கிறுக்கல்களைப் புரட்டலாம், பாதியில் கைவிட்ட பதிப்புகளை விளையாடியும் பார்க்கலாம். இதையெல்லாம் மிஞ்சியது ‘வீழ்ச்சி’ என்ற பொத்தான். தோற்றவன் அடிவாங்கிச் சரிகிற அந்த இரண்டு விநாடிக் காட்சியை அழுத்த அழுத்தப் பார்க்கலாம். வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு நிஜ மல்யுத்தக்காரனை நிறுத்தி எடுத்த இருபத்துநான்கு புகைப்படங்களை வைத்துச் செய்த காட்சி அது.

இருபத்துநான்கு என்பது பேச்சுக்குத்தான். பதினேழாவதைக் காணோம். பழைய கணினித் தட்டுகளை எல்லாம் சலித்துப் பார்த்தும் அந்த இடம் மட்டும் காலி. முப்பத்தைந்து வருடமாக அந்த ஆள் விழும்போது ஒரு கணம் வெட்டிக்கொண்டுதான் விழுகிறான்.

நால்வரில் மிஞ்சியிருந்தவர் ஓவியர் ஒருவர்தான். அவரைப் பேட்டி எடுத்தபோது கேட்டாள். அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

“அது தொலைஞ்சு போகலம்மா. நாங்கதான் எரிச்சோம். எரிச்ச பிறகுதான் அந்த மல்யுத்தக்காரன் அடங்கினான். அந்த இடத்தை அப்படியே காலியா விட்டுடு.”

அதற்குப் பிறகு இருபது விநாடி இருமினார். இருமலோடு சேர்த்து அந்த வாக்கியத்தையும் அவள் வெட்டித் தூக்கிவிட்டாள். வயதானவர் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தாள். தவிர, அவள் கைப்பட எழுதிய முகப்பு வரி ‘இனி இது ஒருபோதும் அழியாது’ என்பது; அதை எழுதியவள் நடுவில் ஓர் ஓட்டையை எப்படி விட்டுவைப்பாள்?

ஆகவே நேற்று அண்ணனை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். தோள் சரிந்து, முழங்கால் மடங்கி, முகம் மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தொப்பை வைத்த நாற்பது வயது கணினி நிரல்காரனுக்கு அது லேசான காரியம் இல்லை.

“கண்ணை எடுக்காம என்னையே பாரு” என்றாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்டி வாலு? இடுப்பு போச்சு.”

“வாயைத் திறக்காதே. படம் கெட்டுடும்.”

சிரித்துவிட்டான். நாலாவது தடவைதான் படம் சரியாக அமைந்தது.

அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சத்தம் கேட்டது. ஈரத் தோலின்மேல் கனமாக எதுவோ இறங்கி, கடைசியில் மெல்லிசாக ஒன்று முறிகிற சத்தம். மணல் மூட்டைக்கு நனைத்த தோலைப் போர்த்தி இரும்புக் கம்பியால் அடித்துப் பதிவு செய்தது அது. மூன்று மாதத்தில் ஆயிரம் முறை கேட்டிருப்பாள். விளையாட்டில் விழும் அடி.

ஹெட்ஃபோன் மேசைமேல் கிடந்தது. ஒலிபெருக்கி அணைந்திருந்தது.

சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தது.

திரையின் ஓரத்தில் ஓர் எண் இருந்தது. காலையில் நாற்பது பேருக்குச் சோதனைப் பிரதி போயிருந்தது. எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்துகிறார்கள் என்று காட்ட அண்ணன் எழுதிய சின்ன நிரல் அது. ‘வீழ்ச்சி’க்கு நேராக நான்கு என்றிருந்தது. சற்று முன்னால், பதினேழை அவள் ஏற்றியபோது, மூன்று.

கதவு திறந்தது. அண்ணன் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றான். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. கீழுதடு நடுவில் இரண்டாகப் பிளந்து, தாடை வழியாகச் சட்டைக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

“என்ன ஆச்சு?”

“தெரியலடி. நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். யாரோ ஒரு குத்து விட்ட மாதிரி இருந்துச்சு.” தாடையைத் தடவிப் பார்த்தான். “ஒருவேளை தூங்கி மேசையில இடிச்சுக்கிட்டேனோ என்னவோ. நீ பயப்படாதே.”

பயப்படாதே என்று அவன் சொன்ன பிறகுதான் அவள் பார்வை எண்ணுக்குப் போனது. நான்கு. அப்படியே இரு, அப்படியே இரு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

ஐந்து.

அதே சத்தம். இப்போது அதே அறைக்குள், ஒரு கை தூரத்தில். அடித்த கை எதுவும் இல்லை. அண்ணனின் தலை மட்டும் பக்கவாட்டில் திரும்பியது, கன்னத்துச் சதை ஒரு முஷ்டியின் அளவுக்கு உள்ளே குழிந்து வெளியே வந்தது, டம்ளர் சுவரில் பட்டுத் தெறித்தது. அவன் முழங்காலில் விழுந்து, வாயிலிருந்து எதையோ உள்ளங்கையில் துப்பினான். கடைவாய்ப் பல். அதை ஏதோ அடுத்தவர் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“எடு” என்று கத்தினாள். “அந்தப் படத்தை எடுத்துடு அண்ணா. பதினேழை எடுத்துடு.”

அவன் ஏன் என்று கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் குரலைக் கேட்டே காரியத்தின் கனத்தைத் தெரிந்துகொள்வான். தவழ்ந்து மேசைக்கு வந்து விசைப்பலகையை இழுத்தான். படம் இருக்கும் சர்வரின் கடவுச்சொல் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு எதுவும் ஞாபகத்தில் நிற்காது என்று அவன்தான் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருந்தான்.

மூன்று எழுத்து அடித்தான்.

ஆறு. விலா எலும்பு. ஏழு. மறுபடி விலா.

எட்டாவதில் அவன் தடுக்கக் கையைத் தூக்கினான். தூக்கிய கையில் விரல்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டான். ரத்தத்தின் துரு வாசனை சூடேறிய கம்பி வாசனையோடு கலந்தது.

“சொல்லு, நான் அடிக்கிறேன். கடவுச்சொல்லைச் சொல்லு.”

அவன் வாயைத் திறந்தான். தாடை ஒரு பக்கமாக நழுவித் தொங்கியது.

போனை எடுத்து வெளியீட்டாளரைக் கூப்பிட்டாள். பொத்தானை நிறுத்த முடிந்த இன்னொரு ஆள் அவர் மட்டும்தான். ஆறு மணிக்கு ஊர் உலகத்துக்கெல்லாம் திறந்துவிட வேண்டியதும் அவர்தான்.

“சார், வீழ்ச்சியை நிறுத்துங்க. உடனே. தயவுசெஞ்சு.”

“நானே கூப்பிடணும்னு இருந்தேன்மா.” அவர் குரலில் சந்தோஷம் வழிந்தது. “அந்தப் பதினேழு இருக்கே, பிரமாதம். நிஜமாவே அடி விழுற மாதிரி இருக்கு. இதோ பாருங்க, இன்னொரு தடவை போடறேன்.”

“சார், வேணாம்—”

போனில் ஒரு சின்ன ‘டிக்’.

மேசை துள்ளியது. அதனடியிலிருந்து அண்ணன் எதுவோ பிடித்து இழுத்தவன்போல் வெளியே வந்து, வெள்ளைச் சுவரில் மோதினான். பின்மண்டை பட்ட இடத்தில் ஈரமாக ஒரு பூ விழுந்தது.

“என்ன சத்தம் அது? உங்க வீட்லயும் போட்டுப் பாக்கறீங்களா?”

“சார், எங்க அண்ணன் சாகறான் சார்.”

“ஹலோ? விட்டு விட்டு கேக்குதும்மா. நல்ல சேதி சொல்லிடறேன். கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு, ஆறு மணி வரைக்கும் எதுக்குன்னு இப்பவே திறந்துட்டோம். வாழ்த்துகள் ரெண்டு பேருக்கும்.”

இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டாள். வேறு அழைப்பில் இருக்கிறார். மறுபடி. வேறு அழைப்பில்.

அவள் அண்ணனிடம் ஓடினாள். மடியில் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவன் மேல் கவிழ்ந்து படுத்தாள், அடி தன்மேல் விழட்டும் என்று. அடி அவளைத் தொடவில்லை. அவளுக்கு அடியில், அவள் அணைப்புக்குள், அவன் எலும்புகள் உடைந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் அதிர்ந்தது. ஒரு கட்டத்தில் அவன் மூச்சு ஒரு நீளமான இழுப்பாக வந்து, நின்றது. திறந்த கண்ணில் அசைவில்லை. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

செத்துவிட்டான்.

அழக்கூட வராமல் உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது அவளுக்கு. முடிந்தது. இனி அவனை யாரும் அடிக்க முடியாது.

மடி லேசானது.

அவன் நின்றுகொண்டிருந்தான்.

எழுந்து நிற்கவில்லை. ஒரு கணம் தரையில் கிடந்தான், அடுத்த கணம் சுவருக்கு முன்னால் நின்றான். தரையிலிருந்து எழுவதற்கு அந்த விளையாட்டில் யாரும் படம் எடுக்கவே இல்லை. உதடு ஒட்டியிருந்தது. விரல்கள் நேராக இருந்தன. சட்டையில் ஒரு துளி ரத்தமில்லை. ஆனால் முகம் அண்ணனுடையது இல்லை. அகன்ற தாடையும் அடர்ந்த மீசையுமாக, முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் வெள்ளைத் துணிக்கு முன் நின்ற அந்த மல்யுத்தக்காரனின் முகம்.

அடி விழுந்தது. அவன் வெட்டி வெட்டிச் சரிந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அவளுக்கு எண்ணத் தெரியும். பதினாறு வரை அந்த மீசைக்காரன். பதினேழில் அண்ணன். ஒரே ஒரு நொடித்துண்டு. முழு உயிரோடு, முழு வலியோடு, அவளைப் பார்த்து. பதினெட்டில் மறுபடி மீசைக்காரன். இருபத்துநான்கில் பிணம்.

நின்றான்.

எரித்தால் அடங்கும். ஓவியர் சொன்னார். அவள் வெட்டிப் போட்டாள். ஓடிப்போய்த் தன் கணினியில் இருந்த படத்தை அழித்தாள். பிரதி வைத்திருந்த வெளி வட்டைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். நாற்காலிக் காலால் நசுக்கினாள். பின்னால் அடி விழுந்துகொண்டேயிருந்தது. அவர்கள் எரித்தபோது இருந்தது ஒரே ஒரு படம். இப்போது அது எத்தனை வீட்டில், எத்தனை திரையில், எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று அந்த எண்ணுக்குத்தான் தெரியும். எண்ணைப் பார்த்தாள். ஆறாயிரம். பார்க்கும்போதே ஏழாயிரம்.

விழுந்தான். நின்றான். விழுந்தான். நின்றான். சுவர் முழுக்கத் தெறித்த ரத்தம் மட்டும் மறையவில்லை. அது காய நேரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கியது.

அப்போதுதான் கவனித்தாள். ஒவ்வொரு பதினேழிலும் அண்ணனின் வாய் அசைந்தது. ஒரு துணுக்குச் சத்தம், அவ்வளவுதான். அதற்குள் பதினெட்டு வந்துவிடும்.

“இன்”

காதைப் பொத்திக்கொண்டாள்.

“னும்”

துண்டுகளைச் சேர்ப்பதுதான் அவள் தொழில். வேண்டாம் என்றாலும் காது சேர்த்தது.

“எவ்”

விழுந்தான். நின்றான்.

“வளவு”

விழுந்தான். நின்றான்.

“நே”

எண் இப்போது எண்ணாக இல்லை, திரையோரத்தில் வெளிறிய ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கும் அடிக்கும் இடைவெளி இல்லை. மீசைக்காரனும் அண்ணனும் பிணமும் ஒருவர்மேல் ஒருவராக அந்தச் சுவருக்கு முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள்ளிருந்து அண்ணன், நேற்று அவள் நிறுத்திவைத்த அதே தோரணையில், தோள் சரிந்து முழங்கால் மடங்கி, கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.