முதுகுச்சீட்டு

கப்பல் தளத்தில் நாற்பது பேர் குப்புறப் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் பன்னிரண்டு கிலோ மணல். மூன்று நாளாக இப்படித்தான். சாப்பாடு, அரட்டை, காதல் எல்லாம் குப்புறப் படுத்தபடியே நடந்தன. மேற்பார்வையாளன் மணிக்கொரு தடவை சூட்டுமானியோடு வந்து பைகளைக் குத்திப் பார்த்துவிட்டுப் போனான். பை அரைமணி நேரம் முதுகை விட்டு இறங்கினால் மணல் செத்துவிடும், சீட்டும் ரத்தாகிவிடும்.

கூட்டத்தில் மூத்தவள் ஜெனிட்டா. தூத்துக்குடிக்காரி, வயது முப்பத்து நான்கு. மற்றவர்கள் ஊர்சுற்ற வந்தவர்கள். அவள் தம்பியின் எலும்புகளை எடுத்துப்போக வந்தவள்.

கடல் ஏறித் தீவுகளை விழுங்கத் தொடங்கிய காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது உயிர்மணல். ஒரு பை மணலை ஆழமில்லாத கடலில் கொட்டினால் போதும். நீரிலிருக்கும் சுண்ணாம்பை உறிஞ்சி, பாறையாகவும் மணலாகவும் பெருகி, ஒரே வருடத்தில் ஒரு வீட்டுமனை அளவுக்கு நிலம் எழும்பும். ஒரே ஒரு சிக்கல். தரையை விட்டு அள்ளியபின் அதற்கு மனித உடம்பின் சூடு வேண்டும். சூடுபெட்டி, கம்பளி, மின்படுக்கை என்று விஞ்ஞானிகள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள், மணல் மசியவில்லை. கடைசியில் முதுகுச்சீட்டு வந்தது. மணலைச் சுமப்பவருக்குக் கப்பல் இலவசம். கையில் காசில்லாமல் உலகம் சுற்ற ஆசைப்பட்ட பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒரு தீவில் கொட்டி, நான்கு நாள் நீந்தி, டின் மீன் தின்று, அடுத்த பையை ஏற்றிக்கொண்டு அடுத்த தீவு. முங்கிய தீவுகள் எழுந்தன, புதுத் தீவுகளும் பிறந்தன. பெயர் வைத்து மாளாமல் எண் போட்டார்கள்.

தம்பி லெரினும் அப்படித்தான் கிளம்பினான், ஐந்து வருடத்துக்கு முன்பு. எழுபத்தோராம் தீவில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டான். அங்கேயே புதைத்துவிட்டதாகத் தகவல் மட்டும் வந்தது. அன்றுமுதல் கல்லறைத் திருநாளில் அப்பாவின் கல்லறையில் அம்மா இரண்டு மெழுகுதிரி ஏற்றுகிறாள். "ஒண்ணு இவருக்கு. இன்னொண்ணு எங்க எரியணும்னு தெரியலையே" என்பாள். எலும்பையாவது கொண்டுவந்து அப்பாவோடு சேர்த்துவிட வேண்டும். அதற்குத்தான் ஜெனிட்டா ஏழு தீவு தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

எழுபத்தோராம் தீவில் மணல் அள்ளும் கூட்டத்துக்கு மேஸ்திரி, மணப்பாட்டுக்காரர் கஸ்பார். விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். கல்லறைத் தோட்டம் இருந்த இடம் தீவிலேயே உயரமான மேடாக இருந்தது. பதிவேட்டில் இருந்த அளவைப் பார்த்துத் தோண்டினார். ஆளுயரம் தோண்டியும் வெதுவெதுப்பான மணல்தான் வந்தது. கடைசியில் ஒரு காற்சட்டை ஜிப்பும் பித்தளைப் பொத்தானும் கிடைத்தன.

"இடம் மாறிப்போச்சா அண்ணாச்சி?"

"இல்ல தங்கச்சி." அவர் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கடல்ல சுண்ணாம்பு தீந்து நாலு வருசமாச்சு. எத்தன தீவுதான் உறிஞ்சும்? இப்ப எங்க கெடைக்கோ அங்க எடுத்துக்கிடுது. எலும்பும் சுண்ணாம்புதான."

"அப்ப லெரினு?"

"இந்த மேடுதாம்மா. இங்கதான் நல்லா வளருது. ரெண்டு வருசமா எல்லாப் பையும் இங்கருந்துதான் நெரப்புறோம்."

ஜெனிட்டா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தம்பியின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றவும் பதறி எழுந்தாள்.

"இந்தக் குழியிலருந்தே எனக்குப் பை கட்டுங்க. இதையே கொண்டுபோயி அப்பாகூட வைக்கேன்."

"வச்சா அங்கயும் வளரும். ஒங்கப்பா எலும்பு, பக்கத்துல உள்ளவுக எலும்பு, ஒண்ணையும் விடாது. தெனம் அள்ளுறவன் சொல்லுறேன்." சொன்னாரே தவிர, பையைக் கட்டிக்கொடுத்தார்.

திரும்பும் கப்பலில் மணல் அவள் முதுகில் கதகதவென்று கிடந்தது. அம்மா மீன் ஏலத்துக்குப் போகும் நாட்களில் லெரினை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தவள் அவள். அந்தச் சூடும் இதே சூடுதான். அதனாலேயே ஒரு நாள் முழுக்க அவளால் முடிவெடுக்க முடியவில்லை. உயிரோடு இருப்பதை எப்படிப் புதைப்பது?

மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்து, வார்களைக் கழற்றி, பையை இரும்புத் தளத்தில் இறக்கி வைத்தாள்.

மேற்பார்வையாளன் ஓடிவந்தான். "அக்கா, மணல் செத்துரும்."

"தெரியும்."

"முதுகு வலிச்சா சொல்லுங்க, வேற ஆள மாத்திவிடுறேன்."

பக்கத்தில் படுத்திருந்த பெண், தன் முதுகில் இடமிருக்கிறது, இரண்டையும் சுமக்கிறேன் என்றாள். நல்ல பிள்ளைகள்தான். ஜெனிட்டா யாரையும் தொட விடவில்லை. பையின் மேல் கைவைத்தபடி அரைமணி நேரம் இருந்தாள். சூடு முதலில் ஓரங்களில் போயிற்று, பிறகு நடுவில். மேற்பார்வையாளன் சூட்டுமானியைக் குத்திப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சீட்டைக் கிழித்தான். ஐந்து வருடமாக வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. தம்பி இப்போதுதான் செத்தான். நாற்பது பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதாள்.

ஐம்பத்தெட்டாம் தீவில் அவளை இறக்கிவிட்டார்கள். ஊருக்குப் போக அங்கிருந்து இன்னும் ஆறு தீவு. இலவசம் வந்தபின் மற்ற கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. முதுகுச்சீட்டை விட்டால் வேறு வழியில்லை. செத்த மணலை மார்போடு கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். பை ஏற்றிவிடும் பெண் யாழ்ப்பாணத்துக்காரி.

"முன்னுக்கு என்னக்கா வச்சிருக்கிறீங்கள்?"

"தம்பி."

 அந்தப் பெண் புதிதாக நிரப்பிய பையைத் தூக்கிக்கொண்டு, திரும்பி நிற்கும்படி சைகை செய்தாள்.

"இது யாரு?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"ஆருக்குத் தெரியும்? இஞ்ச புதைச்சது கனபேர்."

பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஜெனிட்டா ஒரு கையால் மார்புப் பையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"மெதுவா வைங்க" என்றாள்.