417-ம் நம்பர் கோட்டு

தொப்!

லாண்டரிக் கடையின் கவுன்ட்டருக்குப் பின்னால், இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த பேண்ட்டுகளின் மேல் முதலாளி மல்லாந்து விழுந்தார்.

கைகள் பக்கத்துக்கு ஒன்றாக. வாய் திறந்தபடி. கண்கள் மூடியபடி...

"ஐயோ! என்னங்க ஆச்சு!"

முதலாளியம்மா போட்ட அலறலில் ஹேங்கரில் தொங்கிய சட்டைகள் ஒரு தடவை ஆடி நின்றன. அடுத்த நொடி, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து அவர் முகத்தில் அடித்தாள்.

புஸ்... புஸ்... புஸ்!

முதலாளி ஒரு கண்ணைத் திறந்தார். விரல் மட்டும் நீண்டது.

கம்ப்யூட்டரைக் காட்டி!

திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதில் சிவப்பு எழுத்துகள்.

'டேய்! நீ என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியும். ஒழுங்கா வெளியே வந்துடு. இல்லேன்னா இன்னிக்கு நீ காலி!'

அதற்குக் கீழே ஒரே ஒரு பொத்தான். 'சரி'.

"என்னங்க இது? உங்களைப் போய் டேய்னு..."

"கொலை மிரட்டல்டி! பாக்கித் துணி லிஸ்ட்டைப் பார்க்கலாம்னு பட்டனை அமுக்கினேன்... இது வந்து நின்னுச்சு! போலீஸுக்குப் போன் போடு!"

முதலாளி மரியாதைக்கு உயிரை விடுகிறவர். கடைப் பூனையைக்கூட 'வாங்க, தள்ளி உக்காருங்க' என்றுதான் சொல்லுவார். அவரைப் போய் டேய்!

அதே நேரம், நாலு தெரு தள்ளி ஒரு போன் அலறியது.

எடுத்தவள் ஒரு புரோகிராமர். குள்ளம். துறுதுறு. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவளுக்கு வைத்த பெயர் வாண்டு. அந்த லாண்டரி முதலாளியின் ஒரே மகன்தான் அவன். ஆறடி உயரம், அரை அடி அகலம். அவள் அவனுக்கு வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. சுருக்கமாக, ஒட்டடை.

"வாண்டு! கடையில பெரிய கலாட்டா. நீ போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேருக்குள்ள எவனோ புகுந்து அப்பாவுக்குக் கொலை மிரட்டல் விட்டிருக்கான்!"

"என்னன்னு?"

"டேய், நீ என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியும்..."

"'ஒழுங்கா வெளியே வந்துடு'ன்னு இருக்கா?"

"ஆமா! உனக்கு எப்படித் தெரியும்?"

வாண்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வாண்டு...?"

"அதை எழுதினது நான்தாண்டா!"

ஒட்டடையின் கையிலிருந்து போன் நழுவியது. முழங்காலில் பட்டு, திரும்பக் கைக்கே வந்தது.

"எங்கப்பாவையா டேய்னு..."

"ஐயோ, உங்கப்பாவை இல்லடா, ப்ரோகிராம்ல இருக்கற பிழையை! லிஸ்ட்டு ஓடறப்போ மூணு நாளா ஒரு பிழை எனக்குக் கண்ணாமூச்சி காட்டிச்சு. எரிச்சல்ல, அது தலைகாட்டினா வர்ற மாதிரி அதைத் திட்டி ஒரு மெசேஜ் போட்டேன். அது என்னோட டெஸ்டிங் காப்பிடா! கடைக்குக் கொடுக்கற காப்பி வேற. போன வாரம் அவசரத்துல ஃபோல்டரை மாத்தி..."

"மாத்தி?"

"...காப்பி பண்ணிட்டேன் போல."

"போச்சு! ஞாயித்துக்கிழமை நம்ம கல்யாணத் தேதியைக் குறிக்கப் போறாங்க. 'பொண்ணு மரியாதை தெரிஞ்சவ'ன்னு அப்பா ஒத்துக்கிட்டதே அந்த ஒரு காரணத்துக்காகத்தான். டேய் போட்டது நீன்னு தெரிஞ்சா கல்யாணம் அவ்வளவுதான்!"

"இப்ப என்னடா பண்றது?"

"வந்து காப்பியை மட்டும் மாத்திடு. கமுக்கமா."

"மாத்தினா மெசேஜ் வராது. பிழை அங்கேயேதான் இருக்கும். லிஸ்ட்டு சத்தமில்லாம பாதியில நின்னுடும். அதுக்கப்புறம் இருக்கற துணி எதுவும் உங்கப்பா கண்ணுலயே படாது. நாளைக்கு எவனாவது ஒரு மாப்பிள்ளை வந்து 'என் கல்யாணக் கோட்டு எங்கே'ன்னு நிப்பான்!"

"அந்த மாப்பிள்ளைக்காக இந்த மாப்பிள்ளையைக் கைவிடறியா?"

"வாயை மூடு. லேப்டாப்போட வர்றேன்."

லாண்டரியில் இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். முதலாளியம்மா கொடுத்த டீ அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

அவர் திரையைக் குனிந்து படித்தார்.

'நீ என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியும்...'

சட்டென்று நிமிர்ந்தார். முகம் வெளுத்தது.

"அந்த... ஜீப்பைப் பின்னாடி எடுக்கறப்போ சுவத்துல இடிச்சதையா சொல்றான்?"

"சார், இது எனக்கு வந்த மிரட்டல்" என்றார் முதலாளி.

"ஓ! ஆமாமா..." கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நெட்ல ஐ.பி. அட்ரஸைப் பிடிச்சா ஆளைத் தூக்கிடலாம்."

"இந்தக் கம்ப்யூட்டர்ல நெட்டே கிடையாது சார்" என்றபடி உள்ளே நுழைந்தாள் வாண்டு.

"நீங்க?"

"என் வருங்கால மருமக சார். சாஃப்ட்வேர் போட்டது இவதான்" முதலாளி பெருமையாகச் சொன்னார். "அதிர்ந்து பேசமாட்டா. யாரையும் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவா..."

வாண்டு அவசரமாக லேப்டாப் பையைத் திறந்தாள்.

"நீங்க உக்காருங்க மாமா. என்னன்னு பார்க்கறேன். கடைசியா என் மெஷின்ல நல்லாத்தான் ஓடிச்சு."

"அக்யூஸ்டு எல்லாம் இதைத்தாம்மா சொல்வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "என் வீட்டுல இருக்கறப்போ நான் நல்லவன்தான் சார்னு!"

அவள் கடையின் டேட்டா முழுவதையும் லேப்டாப்புக்கு மாற்றினாள். அதே பொத்தானை அங்கே அமுக்கினாள்.

'டேய்! நீ என்ன பண்ணினேன்னு...'

"ஹா! இங்கேயும் வந்துட்டான்!" இன்ஸ்பெக்டர் லத்தியைத் தூக்கினார்.

"நல்லது சார். வேணுங்கறப்போ வரவழைக்க முடிஞ்சா பாதிப் பிழையைப் பிடிச்ச மாதிரி."

முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "யார் மேலம்மா சந்தேகம்?"

"முதல்ல தேதி மேல அத்தை. நாள் முன்னாடியா மாசம் முன்னாடியான்னு குழம்பினா ப்ரோகிராம் படுத்துடும்."

தட்டினாள். பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"தேதி நிரபராதி. அடுத்தது, வேற யாராவது அதே ஃபைலைத் திறந்து வெச்சிருக்கலாம். பூட்டிக்கிட்டிருக்கும்."

"நான் திறக்கலை" என்றாள் முதலாளியம்மா அவசரமாக.

"அதுவும் இல்லை அத்தை. அப்ப ஒரே வழிதான். ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்கணும்."

ஓட்டினாள். 414... வேட்டி. சரி. 415... திரைச்சீலை. சரி. 416... வெள்ளைச் சட்டை இரண்டு. சரி.

417...

நின்றது!

நீல நிறக் கோட்டு. துணி இருக்கிறது. நம்பர் இருக்கிறது. ஆனால் அதைக் கொடுத்த வாடிக்கையாளர் இருக்கவேண்டிய இடத்தில்... வெறுமை! இல்லாத ஆளிடம் போய் 'உங்க பேர் என்ன?' என்று கேட்டிருக்கிறது ப்ரோகிராம். பதில் வரவில்லை. விழுந்துவிட்டது.

ஆள் எங்கே போனார்?

இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். கடையில் யார் எதை மாற்றினாலும் அங்கே தானாகப் பதிவாகும். கடைசி வரியைப் படித்தாள்.

அவள் கண்கள் விரிந்தன!

மெல்லத் திரும்பி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை.

"அம்மாடி..." காதருகே குனிந்தார். "அதை மூடிடும்மா. தங்கமில்ல..."

"அங்க என்ன குசுகுசு?" என்றாள் முதலாளியம்மா.

"ஒண்ணுமில்ல... புழுக்கமா இருக்குன்னேன்!"

இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து எழுந்தார்.

"நெட் இல்லை. அப்ப வெளியாள் இல்லை. இந்தக் கம்ப்யூட்டர்ல கை வைக்கற ஆளு யாரு?"

"நானும் என் பையனும்தான்" என்றார் முதலாளி.

"நீங்க உங்களையே மிரட்டிக்கப் போறதில்லை." லத்தி, ஓரமாக நின்றிருந்த ஒட்டடையின் நெஞ்சைத் தொட்டது. "தம்பி, ஜீப்புல ஏறு!"

"சா... சார்!"

ஒட்டடை வாண்டுவைப் பார்த்தான். 'சொல்லிடாதே' என்று கண்ணாலேயே கெஞ்சினான். ஜீப்பை நோக்கி ஒரு அடி வைத்தான். ஆறடி உடம்பு நாலடியாகக் குறுகியிருந்தது.

வாண்டுவால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"அவனை விடுங்க சார்! அந்த மெசேஜை எழுதினது நான்தான்!"

இன்ஸ்பெக்டரின் லத்தி கீழே இறங்கியது.

"நீயா...?" முதலாளியின் குரல் கிறீச்சிட்டது. "டேய்னு... என்னையா...?"

"உங்களை இல்ல மாமா! டெஸ்ட் பண்றப்போ பிழையைத் திட்டி எழுதினது. தப்பான காப்பியைக் கடையில போட்டுட்டேன். என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பா? வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே டேய்! வந்தப்புறம் என்னென்ன வருமோ! கல்யாணமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது! சார், எழுதுங்க கம்ப்ளெய்ன்ட்!"

"அப்பா..."

"நீ பேசாதே!"

வாண்டுவின் கண்ணில் நீர் திரண்டது. லேப்டாப்பை மூடப் போனாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் முதலாளியம்மா.

அமைதியான குரல். அந்தக் குரலைக் கேட்டதும் முதலாளி ஒரு அடி பின்வாங்கினார்.

"அவ பிழையைத்தானே திட்டினா?"

"ஆ... ஆமா..."

"'நீ என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியும்'னு எழுதியிருக்கு. படிச்சா கோபம்தானே வரணும்? நீங்க ஏன் மயங்கி விழுந்தீங்க?"

முதலாளி, பூனையைத் தேடுவதுபோல் கவுன்ட்டருக்கு அடியில் குனிந்தார்.

"கேள்வி நியாயமா இருக்கே!" இன்ஸ்பெக்டர் மெதுவாக முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. அதுல என்ன இருக்கு?" முதலாளியம்மா கேட்டாள்.

வாண்டு தயங்கினாள். இன்ஸ்பெக்டர் தயங்கவில்லை. லேப்டாப்பை எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்.

"'வாடிக்கையாளர் பெயர் நீக்கம். நேற்று மாலை 4.10. நீக்கியவர்... முதலாளி!'"

"கஸ்டமரை ஏங்க அழிச்சீங்க?"

முதலாளி பேண்ட்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த நீலக் கோட்டு... ரொம்ப அழகா இருந்துச்சுடி. பழைய ஸ்கூல் பசங்க எல்லாரும் கூடறோம்னு கூப்பிட்டாங்க. ஒரே ஒரு தடவை போட்டுட்டுப் போய், துவைச்சு வெச்சுடலாம்னு..."

"எப்போ?"

"போன... புதன்கிழமை..."

"புதன்கிழமை முட்டி வலின்னு டாக்டர்கிட்ட இல்ல போனீங்க!"

"அங்க பாட்டுப் போட்டாங்கடி. எல்லாரும் ஆடினாங்க. நானும் ரெண்டு குத்துப் போட்டேன். மூணாவது குத்துல கோட்டு முதுகுல டர்ருன்னு..."

"முட்டி வலியோட குத்தாட்டம்!"

"கோட்டுக்காரர் வந்து கேட்டா, 'உங்க பேரே எங்ககிட்ட இல்லையே'ன்னு சொல்லிடலாம்னு நினைச்சேன்..."

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டிப் புதுப் பக்கம் எடுத்தார்.

"பேனா திறந்தாச்சு. சொல்லுங்க, யார் மேல கம்ப்ளெய்ன்ட் எழுதணும்? பிழையைத் திட்டின பொண்ணு மேலயா, அடுத்தவர் கோட்டைக் கிழிச்சுட்டு ஆளையே அழிச்சவர் மேலயா?"

"வாபஸ் சார்! முழுசா வாபஸ்!"

"கல்யாணம்?" என்றாள் முதலாளியம்மா.

"அது நடக்கட்டும்! ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னிக்கே தேதி குறிச்சிடலாம்!"

"கோட்டு?"

"நானே கொண்டு போய் மன்னிப்புக் கேட்டு, புதுசு தெச்சுக் கொடுத்துடறேன்!"

ஒட்டடை மறுபடி ஆறடியானான்.

வாண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். அழிந்த பெயரைத் திரும்ப ஏற்றினாள். பாக்கித் துணி இருக்கும்வரை எந்த வாடிக்கையாளரையும் அழிக்க முடியாதபடி ஒரு தடை போட்டாள். ஆள் இல்லாவிட்டாலும் விழாமல், 'சொந்தக்காரர் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டு மேலே ஓட வைத்தாள். கடைசியில், சரியான ஃபோல்டர்தானா என்று மூன்று முறை பார்த்து, சரியான காப்பியைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டாள்.

"அத்தை, நீங்களே பட்டனை அமுக்கிப் பாருங்க."

முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளியம்மா அமுக்கினாள். 415, 416, 417... லிஸ்ட்டு கடகடவென்று கடைசிவரை ஓடி அழகாக நின்றது. பெட்டி இல்லை. டேய் இல்லை!

முதலாளி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

முதலாளியம்மாவின் முகம் மட்டும் வாடியது. இன்னொரு தடவை அமுக்கினாள். இன்னும் ஒரு தடவை...

"என்னம்மா இது, ஒண்ணுமே வரலையே?"

"பிழை சரியாயிடுச்சு அத்தை. இனிமே வராது."

"கெடுத்தியே மருமகளே! உங்க மாமாவோட முட்டி வலி ஒண்ணுதான் வெளியே வந்திருக்கு... முதுகு வலி, பல் வலி, தலைவலி எல்லாம் இன்னும் உள்ளேயே இருக்கு!"