தீவுக்கு ஒரு டிரங்க் கால்

"வெளியாள் மேலே வரக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்குது. பாக்கலையா சார்?"

கேட்டுவிட்டுத்தான் வடிவு திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது...

படிக்கட்டின் கடைசிப் படியில் ஒருவன் நின்றிருந்தான். வெளியே ஐப்பசி மழை. அவன் தலையிலிருந்து சொட்டிய நீர் புருவத்தில் தங்கி, இமையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்தான். கோபமாக ஏறி வந்தவன்தான். கோபத்தை எந்தப் படியில் விட்டானோ, அவனுக்கே தெரியவில்லை.

"பாத்தேம்மா. பாத்துட்டுத்தான் வந்தேன். மெட்ராஸ் கால் புக் பண்ணிட்டு மூணு மணி நேரமா கீழ பூத்துல குந்திக்கினு இருக்கேன். மழைகூட வுட்டு வுட்டு வருது. என் கால் வரலை."

மழையில் கம்பி அறுந்திருக்கிறது, தான் என்ன செய்ய முடியும் என்று அவள் சொன்னாள். அவன் அவளுக்கு முன்னால் இருந்த சுவிட்ச் போர்டைப் பார்த்தான். அவள் விரல்களுக்கிடையில் நாலைந்து ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"அத்தனை கம்பியும் உங்க கையிலதானே இருக்குது?" என்றான்.

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூப்பர்வைசர் மரியம்மாள் தொண்டையைச் செருமினார். அவன் திரும்பிப் படியிறங்கிப் போனான். ஆனால் அந்தக் கண்கள்... அவை போனதாக வடிவுக்குத் தோன்றவில்லை.

அது எழுபத்து நாலாம் வருஷம். காஞ்சிபுரத்திலிருந்து மெட்ராஸுக்குப் பேச வேண்டுமென்றால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சொல்லி வைத்துவிட்டுத் தவம் கிடக்க வேண்டும். பட்டுக்கடை முதலாளியானாலும் சரி, பண்டாரமானாலும் சரி, ஊர்ப் பேச்செல்லாம் வடிவு செருகும் ஒயர் வழியாகத்தான் போகும். பிள்ளையார்பாளையத்தில் நாள் முழுக்கத் தறிச் சத்தம் கேட்டே வளர்ந்தவள். ஊர்ச் சத்தம் முழுவதையும் காதில் வாங்கும் வேலையே அவளுக்குக் கிடைத்தது.

பத்து நிமிஷத்தில் மெட்ராஸ் லைன் உயிர் பெற்றது. வரிசைப்படி பார்த்தால் முதலில் ஒரு ஜரிகை வியாபாரிக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். வடிவு அவனுடைய சீட்டை எடுத்தாள். 'பரசுராமன், ஓரிக்கை' என்று எழுதியிருந்தது. இணைப்புக் கொடுத்ததும் பேச்சைத் தன் காதுக்குக் கொண்டுவரும் சாவியை மூடிவிட வேண்டும், பேச்சைக் கேட்கக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு அவள் விரல் சாவிக்குப் போகவே இல்லை.

இப்படித்தான் அந்தத் தீவைப் பற்றி அவளுக்குத் தெரியவந்தது. அந்தமான் பக்கம் ஒரு குட்டித் தீவு. கடற்கரையில் புதிதாகப் பத்துக் குடில் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முதுகில் காற்று உருளையைக் கட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, கடலுக்குள் அழைத்துப் போவாராம். மெட்ராஸில் அதற்கு இடம் பதிவு செய்பவர் தேவசகாயம். கார்த்திகைக் கடைசியில் கிளம்பும் கப்பலில் எட்டே பேருக்குத்தான் இடம் என்றார் அவர்.

அதன்பிறகு பரசுராமன் வாரம் இரண்டு தடவை வந்தான். லைன் கிடைக்கும்வரை பூத்திலிருந்து அவளோடு பேசிக்கொண்டிருப்பான். ஓரிக்கையில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். இவனுக்கு ஏர் பிடிக்க வரவில்லை. ஊருக்குப் போகும் ரோட்டில் பம்புசெட் ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். கிணற்றுக்கு அடியில் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் புட்வால்வில் சேறு அடைத்துக்கொண்டால் சுற்றுவட்டாரத்தில் இவனைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிச் சரிசெய்துவிட்டு வருவான்.

"கெணத்துல முங்கறது போதாதுன்னு கடலுக்கு வேற போவணுமா சார்?" என்று ஒருநாள் சீண்டினாள்.

"பத்து வருசமா தண்ணிக்குள்ள மூச்ச அடக்கிக்கினே இருக்கேம்மா... ஒரு தடவையாச்சும் உள்ள குந்தி நிதானமா மூச்சு வுட்டுப் பாக்கணும்."

அவளுக்கு என்னவோ செய்தது. ஆசை என்றால் பட்டுச் சேலை, ரேடியோ, ஸ்கூட்டர் என்றுதான் கேட்டிருக்கிறாள். மூச்சு விட ஆசைப்படுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள். அன்று இரவு சாப்பிடும்போது அவளே தனக்குள் சிரித்துக்கொண்டதை அம்மா பார்த்துவிட்டு, என்ன சங்கதி என்று கேட்டாள்.

அந்தச் சந்தோஷம் முழுசாக ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. தேவசகாயம் அடுத்த காலில் நிபந்தனைகளைப் படித்தார். நீரில் ஏதாவது விபரீதம் நேர்ந்தால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்பது அதில் ஒன்று. பரசுராமன் "சரிங்க" என்று சாதாரணமாகச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த வடிவுக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் இருந்தது. அவசரத் தந்திகளைத் தந்தி ஆபீசுக்குப் போனில் படித்துக் காட்டுவதும் அவள் வேலைதான். ஊரில் யார் வீட்டுச் சாவுச் செய்தியும் அந்த வீட்டுக்குப் போகும் முன் அவள் காதுக்குள் போகும். 'உடனே புறப்படவும்' என்றால் என்ன அர்த்தமென்று அவளுக்குத் தெரியும். இந்த மனுஷனைப் பற்றியும் ஒருநாள்... அதற்குமேல் நினைக்க அவளால் முடியவில்லை. போக வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. நீ யார் சொல்வதற்கு என்று கேட்டுவிட்டால்?

இடத்தை உறுதி செய்ய வெள்ளிக்கிழமை மாலைதான் கெடு. வியாழனன்று பரசுராமன் கால் பதிவு செய்தான். வடிவு அவன் சீட்டை எடுத்தாள்... மற்றச் சீட்டுகளுக்கு அடியில் வைத்தாள். "லைன் கெடைக்கலை சார்" என்றாள். குரல் நடுங்காமல் வந்ததுதான் அவளுக்கே அதிசயம். வெள்ளிக்கிழமையும் அதே பொய். மாலை ஐந்து மணிக்கு அவன் எழுந்து போகும் செருப்புச் சத்தம் கேட்டபோது, அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த அப்பாடா அழுகையாகிவிட்டது.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வரும்போது எக்ஸ்சேஞ்ச் வாசலில் அவன் நின்றிருந்தான். கையில் ஒரு பை கொய்யாப்பழம்.

"கப்பல்ல எடம் போயிடுச்சும்மா. பரவால்ல. எனக்காவ ரெண்டு நாளும் எவ்ளோ பாடுபட்டீங்க... அதுக்குத்தான்" என்று பையை நீட்டினான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தக் கொய்யாவை அவளால் தாங்க முடியவில்லை. லைன் இருந்தது, தான்தான் போடவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று.

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

"நான் முங்கிப் போனா உங்களுக்கு இன்னா?"

அதற்குப் பதில் அவள் தொண்டைவரை வந்தது. வாசலில் மரியம்மாள் வந்துகொண்டிருந்தார், தெருவில் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்ணாய்ப் பிறந்தவள் தானாக அதைச் சொல்வதா என்று ஒரு வீம்பும் இருந்தது.

"கெணத்துல எறங்கறப்போ மேல கயிறு புடிக்கிறவன நம்பித்தான் எறங்கறேன்" என்றான் அவன். "உங்களயும் அப்படித்தான் நெனைச்சிருந்தேன்."

பழப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

பத்து நாள்... பரசுராமன் பெயரில் ஒரு சீட்டும் வரவில்லை. போர்டில் பூத்து விளக்கு எரியும்போதெல்லாம் வடிவு மற்ற ஒயர்களை விட்டுவிட்டு முதலில் அதை எடுத்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை, கச்சபேஸ்வரர் கோயில் தெருப் புடவைக் கடைக்குப் போட வேண்டிய லைனை ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். அன்று மரியம்மாள் திட்டவில்லை. தோளைத் தொட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் மத்தியானம் அவள் ஒரு காரியம் செய்தாள். தானே தேவசகாயத்தைக் கூப்பிட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. எட்டுப் பேரில் ஒருவர் விலகிவிட்டார், மாலை ஐந்துக்குள் வருகிற ஆளே போனில் பேசி விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்தால் அந்த இடத்தைத் தரலாம் என்றார் அவர்.

மரியம்மாளிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, மழையில் ஓரிக்கை பஸ் பிடித்தாள். கடையில் அவன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். நனைந்து நின்றவளைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

"ஒரு எடம் இருக்குது. அஞ்சு மணிக்குள்ள நீங்க பேசணும்" என்றாள். "லைன நானே போட்டுத் தரேன். இந்தத் தடவ ஏமாத்த மாட்டேன்."

அவன் குனிந்து மறுபடி மோட்டாரைத் திருகத் தொடங்கினான். அவள் திரும்பி நடந்தாள். ஒருமுறை கூப்பிடுவான் என்று பஸ் நிறுத்தம்வரை காதைத் தீட்டிக்கொண்டே போனாள். மழைச் சத்தம்தான் கேட்டது.

நாலே கால். நாலரை. வருவானா... வந்தால் கடலுக்குப் போய்விடுவான். வராவிட்டால் என்றைக்குமே வரமாட்டான். எது நடக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. நாலு நாற்பத்தைந்துக்குப் பூத்து விளக்கு எரிந்தது.

"மெட்ராஸ் வேணும்." அவ்வளவுதான் சொன்னான்.

ஒயரைச் செருகினாள். லைன் கிடைத்தது, ஆனால் ஒரே இரைச்சல். பரசுராமனுக்குத் தேவசகாயம் சொல்வது காதில் விழவில்லை, அவருக்கு இவன் சொல்வதும் விழவில்லை. நடுவிலிருக்கும் வடிவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது. இந்த மாதிரி சமயத்தில் ஆபரேட்டரே இங்கே கேட்டு அங்கே சொல்வது வழக்கம். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

வயது கேட்டார். இருபத்தெட்டு. எடை. அறுபத்திரண்டு. காதில் சீழ் உண்டா, மூச்சு இரைக்குமா, வலிப்பு வந்ததுண்டா? ஒவ்வொன்றுக்கும் அவன் இல்லை என்றான். அவள் அதை மெட்ராஸுக்குச் சொன்னாள். அத்தனை 'இல்லை'யிலும் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

அப்புறம் தேவசகாயம் கேட்ட கேள்வியை அவரிடமே இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகுதான் பூத்துக்குச் சொன்னாள்.

"ஏதாச்சும்... ஆயிட்டா, யாருக்குத் தந்தி குடுக்கணும்னு கேக்கறாரு."

பூத்திலிருந்து பதில் வந்தது.

"அம்மாவுக்கு வேணாம். தாங்க மாட்டாங்க. இப்படி எழுதிக்கச் சொல்லுங்க... வடிவு. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், காஞ்சிபுரம்."

எந்தத் தந்திக்குப் பயந்து பொய் சொன்னாளோ, அந்தத் தந்தியை அவள் பெயருக்கே எழுதச் சொல்கிறான். போர்டில் இருந்த விளக்குகளெல்லாம் கண்ணீரில் கரைந்து ஒன்றாகத் தெரிந்தன. மெட்ராஸிலிருந்து, "ஹலோ காஞ்சிபுரம், பேர் என்ன?" என்று அவசரப்படுத்தினார்கள்.

"வடிவு" என்றாள். தன் பெயரைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகுமென்று அவள் நினைத்ததில்லை.

"உறவு?"

"உறவு என்னன்னு கேக்கறாங்க" என்றாள் பூத்துக்கு.

"அதத்தானேம்மா அன்னிக்கு வாசல்ல உங்களக் கேட்டேன்..." அவன் குரல் தழைந்திருந்தது. "இப்பவும் என்கிட்ட சொல்ல வேணாம். மெட்ராஸ்காரருகிட்ட சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

மரியம்மாள் பின்னால் வந்து நின்றார். ஒரு காலுக்கு உரிய மூன்று நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. இணைப்பை வெட்டச் சொல்வார் என்று வடிவு நினைத்தாள். அவர் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சொல்லிவிட்டால் அவன் திரும்பும்வரை வருகிற ஒவ்வொரு தந்திக்கும் உயிர் போய் உயிர் வரும். தெரிந்தும், சொல்லாமல் இருக்க முடியாது என்றாகிவிட்டது.

"சம்சாரம்னு எழுதிக்குங்க சார்."

இரைச்சலுக்கு நடுவே தேவசகாயம் காகிதத்தைப் புரட்டினார். முன்பு அவன் பேசியபோது எழுதிய முதல் பக்கத்தில் கல்யாணம் ஆகாதவர் என்று இருக்கிறதே, கல்யாணம் எப்போது நடந்தது, தேதி சொல்லுங்கள் என்றார்.

வடிவு இதை மட்டும் பூத்துக்குச் சொல்லவில்லை. தானே பதில் சொன்னாள்.

"அவரு முழுசா திரும்பி வந்த மறுநாள் சார்... அதையும் அந்தப் பாரத்துல நிபந்தனையா எழுதிடுங்க."