கைலாஷின் தடம்

பத்மஜாவுக்குத் தம்பியின் காலடிச் சத்தம் அத்துப்படி. இரண்டு வருஷமாக வாரத்தில் நாலு நாள், விடிந்தும் விடியாமலும், அவளும் கைலாஷும் வலியசாலையிலிருந்து சேர்ந்து ஓடுகிறார்கள். அவள் முன்னால், அவன் நாலடி பின்னால். ஆறடி உயரமிருந்தும் அவன் கால் மெத்தென்றுதான் விழும். அந்த ஞாயிற்றுக்கிழமை, வித்துராவைத் தாண்டிக் காரை நிறுத்திவிட்டு அவர்கள் ஓடிய, ஆற்றோரமாக மலையேறும் பழைய எஸ்டேட் பாதையில், அந்தச் சத்தம் மாறியிருந்தது.

தொம். தொம்.

ஆடி மாசத்துக் கர்க்கடக மழை விட்டு அரைமணிகூட ஆகவில்லை. இலை இலையாகச் சொட்டுகிற நீரும், கீழே பாறைகளுக்கிடையே இரைகிற ஆறும், விழுந்து அழுகிய பலாப்பழத்தின் வாடையும், ரப்பர் மரங்களுக்கு நடுவே கலையாமல் நின்ற மஞ்சும் சேர்ந்து காலையை மூடியிருக்க, அவற்றையெல்லாம் மீறி அந்தக் காலடி அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்துகொண்டே இருந்தது, மூட்டை தூக்குகிறவர்கள் ஏற்றத்தில் நிதானித்து வைக்கிற அடி மாதிரி.

"எந்தாடா, கால் வலிக்கறதா?"

"காலில்லை அக்கா. கழுத்து."

திரும்பிப் பார்த்தாள். அவன் மேல் ஒன்றுமில்லை. நீலப் பனியன், கைக்கடிகாரம், அவ்வளவுதான். ஆனால் கழுத்து தோள்களுக்குள் இறங்கியிருந்தது. நெற்றி நரம்பு புடைத்திருந்தது. பிறகு அவள் தரையைப் பார்த்தாள். ஈரமண்ணில் அவளுடைய தடம் லேசாகப் பதிந்திருந்தது. பக்கத்திலேயே அவனுடைய தடம் நாலு விரற்கடை ஆழம். அதற்குள் தண்ணீர் ஊறி நிறைந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் நின்னுட்டுப் போலாம்டா."

"நின்னா இன்னும் அமுக்கறது." சிரிக்க முயன்றான். வரவில்லை. "அந்தக் கல்லுக்கு அடியில நுழைஞ்சு வந்தேனே, அப்போலேர்ந்தாக்கும்."

கீழே, வளைவில், இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு நீளக் கல்லைக் கிடத்திய சுமைதாங்கி ஒன்று இருந்தது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் பிறர் உதவியில்லாமல் இறக்கி வைக்க அந்தக் காலத்தில் நாட்டியது. பத்மஜா அதைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கைலாஷ் விளையாட்டாகக் குனிந்து அதன் அடியில் புகுந்து வந்தான்.

"திரும்பிடலாம்," என்றாள். அவளுக்குக் காருக்குப் போனால் போதும். அவனுக்கு அந்தக் கல்லுக்கு.

இறக்கம் லேசாக இருக்கும் என்று நினைத்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவன் கணுக்கால்வரை இறங்கினான். இழுத்தெடுக்கும்போது மண் கடைசி நிமிஷம்வரை விடாமல் பற்றியிருந்து பிறகு சப்பென்று விட்டது. ஒரு ஷூ உள்ளேயே போயிற்று, இருபதடி தள்ளி மற்றதும் போயிற்று. அவள் அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுத் தாங்கினாள். எப்போதும் நிமிர்ந்து பார்க்க வேண்டிய முகம் பாரத்தில் குனிந்து இப்போது அவள் தோளுக்குக் கீழே இருந்தது.

மறுபடி தூறியது. அவள் முகத்தில் விழுந்தது, கையில் விழுந்தது. கைலாஷின் தலைமுடி மட்டும் நனையவில்லை. தலைக்கு ஒரு சாண் மேலேயே மழை எதன்மீதோ விழுந்து, பக்கவாட்டில் வழிந்து, சொட்டியது.

அவள் கை தானாக மேலே போயிற்று. அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"தொடாதே அக்கா."

"என்னடா அது?"

"மூச்சு விடறது. எனக்குக் கேக்கறது."

கல்லை அடைந்தபோது அவன் முழங்கால்வரை மண்ணுக்குள் இருந்தான். பாதையோரம் பஞ்சாயத்து வைத்த பலகையை ஏறும்போது அவள் படிக்கவில்லை. இப்போது கண் தானாக அதில் ஓடியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கூலிக்காரர்கள் தேயிலைப் பெட்டி சுமந்து இறங்கிய வழி. எட்டு மாத கர்ப்பிணி ஒருத்தி தலையில் பெட்டியோடு இங்கே விழுந்து இறந்தாள். வயிற்றிலும் தலையிலும் இருந்த சுமையை அவள் இறக்கிவைக்கட்டும் என்று அவளுடைய ஆட்கள் நாட்டிய கல். பெயர் தெரியவில்லை.

"குனிடா. கல்லு மேலே சரிச்சு விடு."

"எட்டலையே அக்கா."

எட்டவில்லைதான். கல் அவள் நெஞ்சுயரம். அதற்குள் அவன் இடுப்புவரை இறங்கிவிட்டான். அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். மூச்சுப் பிடித்து, பல்லைக் கடித்து, கால் வழுக்கி விழுந்து, எழுந்து மறுபடி இழுத்தாள். ஓர் இஞ்ச்கூட அசையவில்லை.

அக்கரையில் ரப்பர் பால் வெட்டுகிறவர் ஒருவர் வாளியோடு இறங்கி வந்தார்.

"சேட்டா! ஒந்நு வரணே! சேட்டா!"

ஒரு தடவை வரும்படி அவள் கூப்பிட்டது அவருக்குக் கேட்டது. வேகமாக ஆற்றோரம்வரை வந்தார். நின்றார். கைலாஷைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே, இரண்டடி உயரத்தில் பார்த்தார். அவர் முகம் என்னவோ ஆயிற்று. வாளி கையிலிருந்து விழுந்து, பால் பாறைமேல் வெள்ளையாக வழிந்து ஆற்றில் கலந்தது. அவர் ஓடினார். திரும்பிப் பார்க்கவேயில்லை.

"சேட்டா!"



"அக்கா." குரல் நசுங்கி வந்தது. நெஞ்சுவரை மண். "எடு. எப்படியாவது எடு."

பத்மஜா முட்டி போட்டாள். இரண்டு கைகளையும் அவன் தலைக்கு மேலே கொண்டுபோனாள்.

ஈரத்துணி.

துணிக்கு அடியில் தோல். ஐஸ்போலச் சில்லென்று. உருண்டையாக. இறுக்கமாக.

தள்ளினாள். கல்லைப் பார்த்துத் தள்ளினாள். இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. கைலாஷின் மோவாய் மண்ணைத் தொட்டது. அவன் ஏதோ சொன்னான். வாய்க்குள் சேறு போயிற்று.

அவள் உள்ளங்கைகளுக்குக் கீழே, அந்தக் குளிருக்குள்ளே, ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டு, உதைத்தது.