மூன்றாவது கோட்டிங்

நான் அடித்த கோட்டிங் உரிந்து போச்சு என்று எவனாவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒரகடத்தில் பதினோரு வருஷமாக வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறேன். காடு மேடு ஏறுகிற வண்டிக்கு எமன் அடியில்தான் இருக்கிறான். ஏரிக் களிமண் அடிச்சட்டத்துக்குள், அதான் சேசுக்குள், புகுந்து ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டால் இரும்பு அப்பளமாக நொறுங்கும். அதனால்தான் கழுவி, காயவிட்டு, அடியில் தார் கோட்டிங் அடிப்பது. இந்த அந்தோணிராஜ் அடித்தால் மூன்று மழைக்குத் தாங்கும்.

2004 சித்திரை மாதம், உச்சி வெயில். வல்லம் வடகால் சைட்டில் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான் மாரிராஜ். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். காண்ட்ராக்டர் நரசிம்மனிடம் டிரைவர்.

"அண்ணாச்சி, கோட்டிங் திரும்பவும் போயிட்டு."

பதினைந்து நாளில் இது மூன்றாவது தடவை.

"இன்னாயா, விளையாடுறியா? கல்லு மேல வண்டிய இழுத்துக்கினு போய் உரசிட்டு, என் வேலைய குறை சொல்றியா?" என்று கத்தினேன்.

அவன் வண்டியின் அடியையே பார்த்தான். பல நாள் தூங்காத கண்கள்.

வண்டியை ரேம்பில் ஏற்றச் சொல்லி அடியில் நுழைந்தேன். வெளியே அனல் அடித்தது. அங்கே மட்டும் ஜில்லென்று இருந்தது. டீசல் வாடைக்கு நடுவே பச்சைக் களிமண் வாடை. மழை பெய்து நாலு மாசமாகிறது, இந்த ஈரம் எங்கிருந்து வந்தது?

டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே மட்டும் தார் போய் இரும்பு பளபளத்தது. கல் உரசினால் கோடு முன்னாலிருந்து பின்னால் போகும். இது குறுக்கே போயிருந்தது, நான்கு நான்கு கோடுகளாக.

ஒரு கோட்டின் முடிவில் ஏதோ குத்தி நின்றது. பிடுங்கினேன்.

நகம்.

"மாதாவே!"

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. கம்ப்ரசர் இரைச்சல் அடங்கியது. அப்போதுதான் கேட்டது.

சர்ர்... சர்ர்...

என் முகத்துக்கு ஒரு சாண் மேலே. டார்ச் வெளிச்சத்தில் யாருமில்லை. தார் மட்டும் தானாக உரிந்து என் கண்ணில் பொலபொலவென்று உதிர்ந்தது.

விழுந்தடித்து வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்தேன். "உண்மைய சொல்றியா, இல்ல வண்டியோட சேர்த்து கொளுத்தவா?"

"சந்திரம்மாள்னு ஒரு பொம்பள, அண்ணாச்சி. நெலத்தக் குடுக்க மாட்டேன்னு வண்டிக்கு அடியில போயி படுத்துக்கிட்டா. ஓனரு வண்டிய எடுடான்னாரு. எந்திரிச்சிருவான்னு நெனச்சு எடுத்துட்டேன்." வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "காம்பவுண்டு சொவத்துக் குழியில போட்டு மூடிட்டோம். அன்னையிலேருந்து அவ என் சீட்டுக்கு அடியில சுரண்டுதா. தகரம் ஓட்டையாச்சுன்னா மேல வந்துருவா. என்ன உயிரோட விடமாட்டா."

 முதல் தடவை அவன் வந்தபோது, "நாய் அடிபட்டுட்டு" என்றான். சேசில் சுற்றியிருந்த முடியை என் கையால்தான் உருவிப் போட்டேன். எந்த நாய்க்கு முழ நீளத்துக்கு முடி இருக்கும்? பாவி நான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் கழுவிவிட்டு, அதன்மேல் தாரையும் அடித்து அனுப்பினேன்.

"ஸ்டேஷனுக்கு நட. உள்ளத சொல்லிட்டா வுட்டுடுவா. நானும் வரேன்" என்றேன்.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போனோம். ஒன்றுவிடாமல் சொன்னான். சாயங்காலமே, காம்பவுண்டுச் சுவரில் அவன் காட்டிய தூணருகில் போலீஸ் தோண்டியது.

ஒரு சேலைத் துண்டு கிடைத்தது. ஆள் இல்லை.

குழியின் பக்கவாட்டில் ஒரு பொந்து இருந்தது. உள்ளிருந்து வெளியே தோண்டிக்கொண்டு போனது போல.

"பொணமே இல்லாம இன்னாயா கேஸு? கூப்புடறப்ப வா" என்று அனுப்பிவிட்டார்கள். மாரிராஜ் அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஷெட் போன் அடித்தது. செல்லில் அவன்தான். அழுதான்.

"அண்ணாச்சி, பஸ்ஸுலயும் என் சீட்டுக்கு அடியிலதான் வந்தா."

"இப்ப எங்க கீற?"

"வீட்டுலதான். கட்டில் மேல உக்காந்திருக்கேன், காலக் கீழ வைக்க முடியல." குரலைத் தாழ்த்தினான். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்லா? இன்னும் என்ன வேணுமாம் அவளுக்கு?"

சர்ர்... சர்ர்...

பலகை பிளக்கும் சத்தம். ஒரே ஒரு அலறல்.

"மாரிராஜு! ஏய் மாரிராஜு!"

 பிறகு யாரோ செல்லைக் கையில் எடுத்தார்கள். வாய் நிறைய மண் வைத்துக்கொண்டு பேசுவது போன்ற ஒரு பெண் குரல். எங்கள் ஊர்ப் பேச்சு.

"நீ ஷெட்லதான கீற? இரு, வரேன்."