மீன் சாப்பிடாதவனின் தூண்டில்

“ஐயோ... என் மீனு!”

படகு ஆடுவதையும் மறந்து சுடர்விழி எழுந்து நின்றுவிட்டாள். புரட்டாசி விரதம் முடிந்து ஐப்பசியின் முதல் ஞாயிறு. கால் மணி நேரம் போராடி அவள் இழுத்து வந்த கொடுவா, மூன்று கிலோவாவது இருக்கும்... கைவலையால் அள்ளித் தரச் சொன்னால், பக்கத்தில் இருந்த ஆள் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். தூண்டில் முள்ளைக் கழற்றினான். மெதுவாகத் தண்ணீரிலேயே விட்டுவிட்டான்!

“சினை மீனுங்க. வயிறு நிறைய முட்டை... பாவம்.”

“அது பாவமா? நான்தாங்க பாவம்! ஒரு மாசமா மீன் வாசனையே இல்லாம காஞ்சு போய்க் கிடக்கேன்!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். தூறல் துளிகள் இமையில் தங்கிய, பெரிய, அகப்பட்டுக்கொண்ட கண்கள்... இப்படிப் பார்த்தால் எப்படித் திட்டுவதாம்? அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

சுடர்விழிக்கு வலங்கைமானில் வேளாண்மைத் துறை வேலை. வாரம் முழுக்க வயல், வரப்பு, பூச்சி மருந்து. மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் தூண்டில் நண்பர்களோடு முத்துப்பேட்டை லகூன், அந்தக் கடலோரக் காயல். நான்கு படகுகள், ஊர் ஊராக வந்து சேரும் பத்துப் பதினைந்து பேர். தோழி மெஹராஜ் பேகம் அன்று காய்ச்சலென்று வராமல் போக, காலி இடத்தில் படகுக்கார அரசப்பன் இந்தப் புது ஆளை ஏற்றிவிட்டார். பெயர் முகுந்தாம். மயிலாடுதுறையில் கணக்கு வாத்தியாராம்.

மதியம் அலையாத்தி மரங்கள் சூழ்ந்த ஒரு திட்டில் எல்லாப் படகுகளும் ஒதுங்கின. மற்றவர்கள் பிடித்த மடவை மீனில் அரசப்பன் குழம்பு வைத்தார். முகுந்த் மட்டும் தள்ளிப் போய் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான். தயிர் சாதம், மாவடு!

சுடர்விழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “மீனே சாப்பிடாத ஆளு... எதுக்குங்க தூண்டில் போடறீங்க?”

“மிதவை சட்டுனு உள்ள முங்கும் பாருங்க... அந்த ஒரு நொடிக்குத்தான்.”

“வீட்ல தெரியுமா?”

“மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை கோயில் கோயிலாப் போறேன்னு அம்மா நினைச்சுக்கிட்டு இருக்காங்க...”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். மாவடு ஒன்று அவள் தட்டுக்கு வந்து சேர்ந்தது. மீன் போன துக்கம் போன இடம் தெரியவில்லை.

அதன் பிறகு மெஹராஜ் பேகம் வந்தாலும் அடுத்த படகில்தான் ஏற வேண்டியிருந்தது. “என் சீட்டு போனது போனதுதானா?” என்று அவள் அங்கிருந்தே கத்துவாள். சுடர்விழி காதில் வாங்கவே மாட்டாள். மழை வந்தால் இருவரும் ஒரே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு... பேச்சில்லாமல்கூட நேரம் போயிற்று.

மார்கழிக் கடைசியில் அவன் சொல்லியேவிட்டான். “உங்களைப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா?”

அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனாலும் கேட்டாள். “வீட்ல என்ன சொல்வீங்க?”

“கொஞ்ச நாள் போகட்டும்... மெதுவா...”

“தூண்டில் போடறதையே மூணு வருஷமா சொல்லல. மீன் சாப்பிடற இந்தக் கோவிந்தராசு மகளைப் பத்தி எப்பங்க சொல்வீங்க? எங்க தாத்தா காலத்துல எங்காளுங்க உங்க மாதிரி வீட்டுக்குக் கொல்லப்பக்கமாத்தான் போவாங்க. நான் வந்தா வாசல் வழியாத்தான் வருவேன்.”

அடுத்த இரண்டு பயணங்களுக்கு, அறுவடை வேலை என்று பொய் சொல்லி அவள் போகவில்லை. அந்த இரண்டு ஞாயிறும் வீட்டில் மீன் குழம்பு. ஒரு வாய்கூட இறங்கவில்லை. பிடிவாதம் பிடித்து அவனை இழந்துவிடுவேனோ என்று தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

மூன்றாவது முறை மெஹராஜ் பேகம் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். படகில் அவன் இருந்தான்.

“அண்ணே, சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு விடுங்க,” என்றான் அரசப்பனிடம்.

வனத்துறையின் கண்காணிப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நான்கு படகுகளும் எஞ்சினை அணைத்து நின்றன. போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

“முகுந்தா? திருவாரூர் போய்ச் சேந்துட்டியோ? தரிசனம் ஆச்சா?”

“அம்மா, நான் கோவிலுக்குப் போகலை. மூணு வருஷமாவே போகலை. முத்துப்பேட்டைல மீன் பிடிச்சிண்டிருக்கேன்.”

மற்ற படகுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னொண்ணும்மா. பக்கத்துல சுடர்விழின்னு ஒருத்தி இருக்கா. அவாத்துல மீன் சாப்பிடுவா. கல்யாணம்னா எனக்கு அவளோடதான். அவ இன்னும் சரின்னு சொல்லலை...”

“போனை அவகிட்டக் குடு.”

சுடர்விழி போனை வாங்கினாள். “சொ... சொல்லுங்கம்மா.”

“நான் பர்வதம் பேசறேன். கல்யாணமெல்லாம் போன்ல பேசற விஷயம் இல்லை. ஒருநாள் ஆத்துக்கு வா, பேசுவோம். இப்போ எனக்கு வேற கவலை... அவனுக்கு நீச்சலே தெரியாதும்மா! நடுவுல தள்ளி உக்காரச் சொல்லு. நீ பாத்துக்கறியா?”

“பாத்துக்கறேன்மா...” என்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கிவிட்டது.

போனைத் திருப்பிக் கொடுத்தவள் அவன் சட்டையைப் பிடித்து நடுப்பலகைக்கு இழுத்தாள். “நீச்சல் தெரியாதா? அதையும் மறைச்சீங்களா?”

“இனிமே என்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. நீங்கதான் ஒண்ணை மறைச்சுக்கிட்டே இருக்கீங்க...”

அவள் காது மடல் சிவந்தது. அரசப்பன் எஞ்சினைக் கிளப்பியபோது குனிந்துகொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

“எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல பாப்பா!” என்ற அரசப்பன் எஞ்சினை அணைத்தார்.

“உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்... போதுமா?”

நான்கு படகுக்கும் கேட்டது.